சபுராளியின் வீடு: அனுப்பும் பணத்தால் மட்டும் தீராத கடமைகள்

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

அரபியில் "சஃபர்" என்றால் பயணம். நம் ஊர்களில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் வந்துவிட்டது. "அவர் சபர்ல இருக்காரு" என்று ஒரு பெண் சொன்னால், கணவர் கடல் கடந்து சம்பாதிக்கப் போயிருக்கிறார் என்று எல்லோருக்கும் விளங்கும். அப்படிப் போனவருக்கு "சபுராளி" என்று பெயரும் வைத்துவிட்டோம். பாட்டனார் காலத்தில் ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு. 1970களில் எண்ணெய் விலை உயர்ந்த பிறகு சவூதி, துபாய், குவைத், கத்தார். இந்த ஊர்களின் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் மாடி வீடுகளும் பெரும்பாலும் அந்த வியர்வையில் எழுந்தவை.

ஹலாலான ரிஸ்கைத் தேடிப் பயணம் போவது சிறப்பான அமல். அல்லாஹ்வின் அருளைத் தேடிப் பூமியில் பயணிப்பவர்களை, அவன் பாதையில் போராடுபவர்களோடு சேர்த்தே அல்லாஹ் குர்ஆனில் குறிப்பிடுகிறான் (73:20). ஆகவே சபுராளியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் விட்டுச் சென்ற வீட்டில் அவருடைய பொறுப்பு என்ன, அந்த வீட்டாரின் பொறுப்பு என்ன, நம் மஹல்லாவின் பொறுப்பு என்ன என்று மார்க்கத்தின் பார்வையில் பார்ப்பதே நோக்கம்.

ஒரு சிறிய கணக்கு

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு மாத விடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு இந்த அளவே பெரிய சலுகை. 20 ஆண்டு சபரில் இருந்தவர் 10 முறை ஊருக்கு வந்திருப்பார். மொத்தம் 20 மாதம். திருமணமாகி 20 ஆண்டு ஆன அந்தத் தம்பதி சேர்ந்து வாழ்ந்த நாட்கள் இரண்டு ஆண்டைக்கூட எட்டவில்லை. அந்த 20 மாதத்திலும் கல்யாணம், மய்யித், பத்திரப்பதிவு, வீட்டு வேலை என்று கழிந்தவற்றைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்பது அந்தந்த வீட்டுக்குத் தெரியும்.

முதல் பயணத்தின்போது "ரெண்டே வருஷம், கடன் முடிஞ்சதும் வந்துடுவேன்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கடன் முடிந்ததும் வீடு, வீடு முடிந்ததும் தங்கையின் கல்யாணம், பிறகு மகளின் கல்யாணம். இருபது ஆண்டு பிரிந்திருக்கலாம் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. யாரும் முடிவெடுக்காமலேயே அது நடந்துவிட்டது. இதுதான் நாம் கவலைப்பட வேண்டிய இடம்.

உமர் (ரலி) அவர்கள் கேட்ட கேள்வி

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருக்களில் சுற்றி வரும்போது ஒரு வீட்டிலிருந்து பெண்ணின் குரல் கேட்டது. இரவு நீண்டுபோனதையும், அருகில் கணவன் இல்லாததையும், அல்லாஹ்வின் பயம் மட்டுமே தன்னைத் தடுத்து நிறுத்துவதையும் சொல்லி அவள் கவி பாடிக்கொண்டிருந்தாள். விசாரித்தபோது, கணவர் படையில் சென்று நெடுநாள் ஆகிவிட்டது தெரிந்தது.

உமர் (ரலி) அவர்கள் நேராகத் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்றார்கள். கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். தகப்பன் மகளிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வி. மகளும் வெட்கப்பட்டார்கள். முஸ்லிம்களின் நலனுக்காகவே கேட்கிறேன் என்று உமர் (ரலி) அவர்கள் விளக்கிய பிறகு பதில் வந்தது. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதன் பிறகு, அந்தக் காலத்துக்கு மேல் எந்தப் படைவீரரையும் குடும்பத்தைப் பிரித்து வைத்திருக்கக் கூடாது என்று உமர் (ரலி) அவர்கள் உத்தரவிட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெண்ணை உமர் (ரலி) அவர்கள் கண்டிக்கவில்லை. அவள் வீட்டுக்குக் காவல் போடவில்லை. "ஸப்ர் செய்" என்று உபதேசம் செய்துவிட்டு நகரவும் இல்லை. ஆண்களை அனுப்பும் சட்டத்தை மாற்றினார்கள். நாமோ சபுராளியின் மனைவிக்குப் பொறுமையைப் பற்றி ஆயிரம் பயான் செய்கிறோம். கணவருக்குக் கெடு வைப்பதைப் பற்றி ஒரு பயானும் செய்வதில்லை.

குர்ஆனும் இதற்கு ஓர் அளவைக் காட்டுகிறது. மனைவியை நெருங்க மாட்டேன் என்று சத்தியம் செய்பவனுக்கு அல்லாஹ் தரும் தவணை நான்கு மாதம்தான் (2:226). இதன் அடிப்படையில், மனைவியின் மனநிறைவான சம்மதம் இல்லாமல் அந்தக் காலத்தைத் தாண்டக் கூடாது என்று ஹனஃபி மத்ஹபின் இமாம் இப்னுல் ஹுமாம் அவர்கள் ஃபத்ஹுல் கதீரில் எழுதுகிறார்கள். ஹன்பலி மத்ஹபில், தகுந்த காரணமின்றி ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் இருப்பவரை மனைவி திரும்ப அழைத்தால் அவர் வந்தாக வேண்டும். அவசியமான வாழ்வாதாரத்தைத் தேடுவது தகுந்த காரணமாகவே ஏற்கப்படும். ஆனால் அவசியம் எது, ஆசை எது என்பதை நம் மனசாட்சியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்குமான பயணம் வேறு. பக்கத்து வீட்டை விட ஒரு மாடி கூடுதலாகக் கட்டுவதற்கான பயணம் வேறு.

சம்மதம் என்பது எது?

"என் மனைவி சம்மதித்துத்தான் போனேன்" என்று நீங்கள் சொல்லலாம். திருமணமாகி நாற்பதாம் நாள், மாமியும் மாமாவும் கொழுந்தனும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், "மச்சான் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டால் புதுப்பெண் என்ன சொல்வாள்? தலையாட்டுவாள். அதற்குப் பெயர் சம்மதமில்லை, வேறு வழியில்லாமை.

பால்குடிக் குழந்தையின் பாலை நிறுத்துவதானாலும் தாயும் தகப்பனும் மனமொத்து, மஷ்வரா செய்து முடிவெடுக்கட்டும் என்று அல்லாஹ் கூறுகிறான் (2:233). ஒரு குழந்தையைப் பாலிலிருந்து பிரிப்பதற்கே மஷ்வரா என்றால், கணவனை மனைவியிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் இரண்டு ஆண்டு பிரிப்பதற்கு எவ்வளவு மஷ்வரா வேண்டும்!

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் ஹாஜர் (அலை) அவர்களையும் கைக்குழந்தையையும் மக்காவின் பாலைவெளியில் விட்டுத் திரும்பியபோது, அந்த அம்மையார் பின்னாலேயே சென்று காரணம் கேட்டார்கள். ஒரு முறைக்குப் பலமுறை கேட்டார்கள். இது அல்லாஹ்வின் கட்டளை என்று தெரிந்த பிறகே, அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்று மன நிம்மதியோடு திரும்பினார்கள் (புகாரி). கேட்பது அவர்களின் உரிமையாக இருந்தது. கேட்டதை இப்ராஹீம் (அலை) அவர்கள் குற்றமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கணவன் மனைவி இருவரும் தனியே உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பேசுங்கள். எதற்காகப் போகிறோம்? எவ்வளவு தொகை சேர்ந்தால் போதும்? எந்த ஆண்டோடு நிறுத்துவோம்? மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த விடுப்பில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். கெடுவை நீட்டுவதானால் அதையும் இருவருமாகவே முடிவு செய்யுங்கள்.

பணம் யார் கைக்குப் போகிறது?

மனைவி மக்களுக்குச் செலவு கொடுப்பது கணவர் மீது வாஜிப். கணவர் தூரத்தில் இருப்பதால் அந்தக் கடமை குறையாது. மனைவியைப் பிரிந்து வெளியே தங்கிவிட்ட ஆண்களைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் தளபதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் செலவுக்குக் கொடுக்கட்டும், இல்லையேல் தலாக் கொடுக்கட்டும், தலாக் கொடுத்தாலும் கடந்த காலத்துக்கான செலவை அனுப்பியாக வேண்டும் என்பது அதன் சாரம்.

பல வீடுகளில் பணம் ஒழுங்காக வருகிறது. ஆனால் மனைவியின் கைக்கு வருவதில்லை. பிள்ளைக்கு மருந்து வாங்கவும், தன் தாய் வீட்டுக்குப் போக பஸ் காசுக்கும் மாமியிடமோ கொழுந்தனிடமோ கையேந்துகிறாள். அபூஸுஃப்யான் (ரலி) அவர்கள் போதுமான அளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான முறையில் எடுத்துக்கொள் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). மனைவியின் செலவு அவளுடைய ஹக்கு. அதைப் பிச்சையாக்கக் கூடாது.

அதற்காகப் பெற்றோரை மறந்துவிடக் கூடாது. உம்மா, வாப்பாவுக்குரியதைத் தனியாக அனுப்புங்கள். மனைவிக்குரியதை அவளுடைய கணக்கில் அனுப்புங்கள். இரண்டும் தனித்தனியாக இருந்தால் மாமி மருமகள் சண்டையில் பாதி பிறக்கவே பிறக்காது. இடம் வாங்க, வீடு கட்ட என்று சகோதரருக்கு அனுப்பும் பணம் அவர் கையில் அமானத். கணக்கு எழுத வேண்டும். தவணையோடு கொடுக்கும் கடனை எழுதி வைக்கும்படி குர்ஆனின் மிக நீண்ட வசனமே கட்டளையிடுகிறது (2:282). "அண்ணன் தம்பிக்குள்ள என்ன கணக்கு?" என்று ஆரம்பித்து, கடைசியில் முகம் பார்க்காமல் போன சகோதரர்கள் எத்தனை பேர்!

நகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல விசாக்கள் மனைவியின் நகையில் எடுக்கப்பட்டவை. அந்த நகை அவளுடைய சொத்து. மஹரைக்கூடப் பெண்கள் தாமாக, மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் கணவன் அனுபவிக்கலாம் என்று அல்லாஹ் நிபந்தனை வைத்திருக்கிறான் (4:4). அவள் அன்பளிப்பு என்று தெளிவாகச் சொல்லாதவரை அது உங்கள் மீது கடன். சபரில் முதலில் அடைக்க வேண்டிய கடன்களில் ஒன்று. அதை வட்டிக்கு அடகு வைப்பது தனியான பாவம். வட்டியில்லாக் கடன் கொடுக்கும் பைத்துல்மாலை ஒவ்வொரு ஜமாஅத்தும் ஏற்படுத்த வேண்டும் என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

போனில் ஒரு திடீர் வருகை

நீண்ட பயணம் போனவர் இரவில் திடீரென்று வீட்டுக்குள் வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மனைவி தலைவாரி, தன்னை அலங்கரித்துக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பது ஒரு காரணம். மனைவியைச் சந்தேகித்து, அவளுடைய தவறுகளைத் தேடி வருவது போல் ஆகிவிடக் கூடாது என்பதும் அறிவிப்புகளில் வந்துள்ளது (முஸ்லிம்).

அன்று ஒட்டகத்தில் வந்தவருக்குச் சொன்னது, இன்று வீடியோ காலில் வருபவருக்கும் பொருந்தும். "எங்கே இருக்கே? பின்னாடி யாரு? கேமராவைத் திருப்பு. ராத்திரி பதினோரு மணிக்கு ஆன்லைன்ல ஏன் இருந்தே?" இப்படித் துருவுவதும் அந்தத் திடீர் வருகையின் வகைதான். சந்தேகத்தில் பெரும்பாலானதை விட்டு விலகுங்கள், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை (49:12). கணவரை வேவு பார்க்கும் மனைவிக்கும் இது உண்டு.

ஒரு காலத்தில் கடிதம் வர பல வாரம் ஆகும். குரலைக் கேஸட்டில் பதிந்து, ஊருக்கு வருபவரிடம் கொடுத்துவிடுவார்கள். இன்று தினமும் முகம் பார்த்துப் பேசும் நிஃமத்தை அல்லாஹ் கொடுத்திருக்கிறான். அதில் பணமும் புகாரும் மட்டுமே பேசினால் நஷ்டம் யாருக்கு? அவள் இன்று என்ன சமைத்தாள், தலைவலி சரியானதா என்று கேளுங்கள். மகனிடம் மதிப்பெண்ணை மட்டும் கேட்காமல் எந்த சூரா ஓதினான், யாரோடு விளையாடினான் என்று கேளுங்கள். நபி லுக்மான் என்றும் ஞானி லுக்மான் என்றும் அறியப்படும் அந்தப் பெரியவர், அருமை மகனே என்று அழைத்து, ஈமானில் தொடங்கி நடக்கும் நடை, பேசும் குரல் வரை கற்றுக்கொடுத்ததை ஒரு சூராவிலேயே அல்லாஹ் பதிவு செய்திருக்கிறான். வாப்பா என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெட்டி கொண்டு வருபவர் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது.

வீட்டில் இருக்கும் சகோதரிக்கு

கணவர் இல்லாதபோது அல்லாஹ் பாதுகாக்கச் சொன்னதைப் பாதுகாப்பவர்களே ஸாலிஹான பெண்கள் என்று குர்ஆன் புகழ்கிறது (4:34). மானம், பொருள், வீட்டு ரகசியம் மூன்றும் இதில் அடங்கும்.

கணவரின் சகோதரர்கள் விஷயத்தில் நம் வீடுகளில் அலட்சியம் அதிகம். கணவரின் ஆண் உறவினரைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை மரணத்துக்கு ஒப்பிட்டு எச்சரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). கொழுந்தன் கெட்டவர் என்பது இதன் பொருளில்லை. வீட்டு ஆள்தானே என்று யாரும் எச்சரிக்கையாக இருக்க மாட்டார்கள் என்பதே காரணம். இந்தப் பேணுதல் அவள் மீது மட்டும் உள்ள கடமையும் இல்லை. கொழுந்தன் மீதும் மாமனார் வீட்டார் மீதும் உள்ள கடமை. தனியறை, தாழ்ப்பாள், தனியாகப் புழங்க ஓர் இடம் ஆகியவற்றை ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்படுவது கணவரின் கடமை.

இஸ்மாயீல் (அலை) அவர்கள் உணவு தேடி வெளியே சென்றிருந்தபோது தகப்பனார் இப்ராஹீம் (அலை) அவர்கள் அந்த வீட்டுக்கு இரு வேறு காலங்களில் வந்தார்கள். அப்போதிருந்த முதல் மனைவி, வந்தவர் யாரென்றே தெரியாமல் வீட்டின் கஷ்டத்தையெல்லாம் கொட்டினார். பின்னர் வந்த மனைவி, நன்றாக இருக்கிறோம் என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தார் (புகாரி). வந்து போகிறவரிடமெல்லாம் வீட்டுக் குறையைச் சொல்லக் கூடாது என்பது இதன் பாடம். கணவரிடமும் சொல்லக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்புக்கு முடியவில்லை, மனசுக்கு முடியவில்லை, தனியாக இருக்கத் தாங்கவில்லை என்றால் அவரிடம் சொல்லுங்கள். அது நன்றிகெட்டதனம் ஆகாது. நபியவர்களின் துணைவியாகப் பின்னாளில் ஆன உம்மு ஸலமா (ரலி) அவர்கள், ஹிஜ்ரத்தின்போது கணவர் அபூஸலமா (ரலி) அவர்களையும் மகனையும் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு தினமும் அப்தஹ் வெளியில் உட்கார்ந்து அழுதார்கள். அந்த உறுதிமிக்க ஸஹாபிப் பெண்மணியே அழுதிருக்கும்போது, உங்கள் கண்ணீரை ஈமான் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

மஹல்லாவுக்கு ஒரு கேள்வி

அல்லாஹ்வின் பாதையில் சென்றவரின் குடும்பத்தை நல்ல முறையில் கவனித்துக்கொண்டவர், தாமும் போரில் பங்கெடுத்தவர் ஆகிறார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (புகாரி, முஸ்லிம்). சபுராளியிடம் ரசீதுப் புத்தகத்தோடு போகும் நாம், அவர் வீட்டுப் பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு செய்கிறோமா? ஆண் துணையில்லாத வீடுகளுக்கு உதவ, வயதில் மூத்த தம்பதிகளை ஜமாஅத் பொறுப்பாக நியமிக்கலாம்.

உதவாவிட்டாலும் நாவையாவது அடக்க வேண்டும். ஆட்டோவில் தனியாகப் போனாள், போனில் சிரித்துப் பேசினாள் என்று டீக்கடையில் கதை கட்டுகிறார்கள். ஒழுக்கமுள்ள பெண் மீது அவதூறு சொல்லி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு 80 கசையடி என்றும், அவருடைய சாட்சியம் இனி ஏற்கப்படாது என்றும் அல்லாஹ் சட்டம் வைத்திருக்கிறான் (24:4). அந்த வதந்தி கடல் தாண்டிப் போய் ஒரு குடும்பத்தை உடைத்தால், மறுமையில் அதற்கும் கணக்கு உண்டு.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

மவ்த் எந்த ஊரில் என்று எவருக்கும் தெரியாது. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல், கம்பெனியின் முகவரி, உடன் தங்கியிருப்பவரின் எண் மனைவியிடம் இருக்கட்டும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் எவ்வளவு தர வேண்டும் என்று வஸிய்யத்தோடு எழுதி வையுங்கள். இ.சி.ஆர். வகைப் பாஸ்போர்ட்டில் வேலைக்குச் செல்வோருக்கு அரசு கட்டாயமாக்கியுள்ள பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில், விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பதே தெரியாத குடும்பங்கள் இருக்கின்றன.

ஒரு மஸ்அலாவையும் நினைவில் வையுங்கள். கணவர் வெளிநாட்டில் மவ்த்தானால் இத்தா எந்த நாளிலிருந்து என்பதில் பலருக்குக் குழப்பம். ஜனாஸா வந்து சேர்ந்த நாளிலிருந்தோ, அடக்கிய நாளிலிருந்தோ, செய்தி கிடைத்த நாளிலிருந்தோ எண்ணக் கூடாது. மவ்த்தான நாளிலிருந்தே நான்கு மாதம் பத்து நாள். கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை. நான்கு மத்ஹபுகளின் சட்டமும் இதுவே.

திரும்பி வருவதும் அமல்தான்

பயணம் வேதனையின் ஒரு பகுதி, அது உணவையும் உறக்கத்தையும் தடுக்கிறது, காரியம் முடிந்ததும் விரைவாகக் குடும்பத்திடம் திரும்புங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (புகாரி, முஸ்லிம்). போருக்குப் பெயர் கொடுத்திருந்த ஒருவர், தம் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டதைச் சொன்னபோது, போய் மனைவியோடு ஹஜ் செய் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள் (புகாரி, முஸ்லிம்). பத்ருக்குப் படை கிளம்பியபோது உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நபியவர்களின் மகளுமான ருகைய்யா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். மனைவியைக் கவனிக்கத் தங்கிவிட்ட உஸ்மான் (ரலி) அவர்களுக்குப் பத்ரில் கலந்துகொண்டவரின் நற்கூலியும் பங்கும் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள் (புகாரி). பத்ரை விடப் பெரிய வேலை நம்மில் யாருக்கு இருக்கிறது?

இதை வாசிக்கும் நீங்கள் ஏதோ ஒரு கேம்ப் அறையில், ஜும்ஆ விடுமுறை நாளில் கட்டிலில் படுத்துக்கொண்டு வாசிக்கலாம். அல்லது பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஊரில் வாசிக்கலாம். இன்றிரவு பேசும்போது பணத்தைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். "இன்னும் எத்தனை வருஷம்? எது போதும்?" என்ற பேச்சைத் தொடங்குங்கள். பதில் உடனே கிடைக்காமல் போகலாம். ஆனால் கேள்வியை இருவரும் சேர்ந்து கேட்டுவிட்டால், பிரிவின் நீளத்தை இனி நீங்கள் இருவரும்தான் தீர்மானிப்பீர்கள்.

யா அல்லாஹ்! ஹலாலான ரிஸ்கைத் தேடிக் கடல் கடந்தவர்களின் உடலுக்கும் ஈமானுக்கும் பாதுகாப்புக் கொடுப்பாயாக. அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளுக்கு நீயே காவலனாக இருப்பாயாக. அவர்களின் மனைவிமார்களின் உள்ளங்களில் அமைதியையும், பிள்ளைகளின் கல்வியிலும் ஒழுக்கத்திலும் பரக்கத்தையும் தருவாயாக. பிரிந்திருக்கும் குடும்பங்களை ஆஃபியத்தோடு விரைவில் ஒன்று சேர்ப்பாயாக. சொந்த ஊரிலேயே போதுமான ரிஸ்கையும், போதும் என்ற மனதையும் எங்கள் அனைவருக்கும் நஸீபாக்குவாயாக.

ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.